கிருஷ்ணாம்பேட்டைக்கு நான் போன நாள்

மயானத்தில் பயந்துபோன அனுபவங்களைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அங்கே பயம் வரவில்லை. பட்ட பயமெல்லாம் அதற்கு முன்னாலேயே, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பட்டு முடித்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. கிருஷ்ணாம்பேட்டை மயானம் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். சின்ன வயதில் பறைச் சத்தம் கேட்டாலே அம்மா ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். ஊர்வலம் தாண்டிய பிறகு வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் திறப்பாள். தெருவில் உதிர்ந்து கிடக்கும் சாமந்தியை மிதிக்கக் கூடாது, பொரியைத் தொடக்கூடாது. அப்பா போனபோது எனக்குப் பதினாறு வயது. தெருமுனை வரை நடந்தேன். அங்கே பெரியப்பா, "போதும்மா, பொம்பளைங்க இங்கயே நின்னுக்கணும்" என்றார். நின்றுகொண்டேன். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

நாற்பத்து மூன்று வயது வரை அந்த மயானத்தின் மதில் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா போனாள். மருத்துவமனையில், நள்ளிரவு தாண்டி 12.40க்கு. மணியைப் பார்த்தவள் நான்தான், ஏனென்றால் அவள் கை என் கையில் இருந்தது. காலையில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா மகன் வெளிநாட்டில், வர இரண்டு நாள் ஆகும். மாமா மகனைக் கூப்பிடலாமா, இல்லை தூரத்து உறவில் யாராவது பையன் இருக்கிறானா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கடைசி நாலு வருடம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டவள் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"நான் வைக்கிறேன்" என்று சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வாய் உலர்ந்துவிட்டது. பெரிய சண்டையெல்லாம் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அப்பாவின் தங்கை, எண்பது வயது அத்தை, மூலையிலிருந்து சொன்னாள்: "அவ பெத்ததை விட்டுட்டு ஊரான் புள்ளையைத் தேடுறீங்களே!" அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மயானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வேப்பமரமும் அதன் நிழலில் சிமெண்டுப் பெஞ்சும். பக்கத்தில் குழாய், கவிழ்த்து வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த சுடுகாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தோளில் குடத்தோடு சுற்றி வந்தேன். ஊழியர் ஒருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகு வழியாக இறங்கிக் குதிகால் வரை நனைத்தது. ஆகஸ்டு வெயிலில் அந்தக் குளிர்ச்சி இன்னும் உடம்பில் இருக்கிறது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

எரிவாயு தகன மேடை. கட்டை அடுக்கி எரிப்பதென்றால் நானூறு, ஐந்நூறு கிலோ விறகு வேண்டும், தணல் அடங்கப் பொழுது போய்விடும். இதில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நெஞ்சின் மேல் கற்பூரம் ஏற்றச் சொன்னார்கள். என் கை ஆடியது, இரண்டு தீக்குச்சி அணைந்துவிட்டது. அந்த ஊழியர் தன் இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு, "மெதுவா வைங்கம்மா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். மூன்றாவது குச்சி பற்றியது. தட்டு உள்ளே போனது, இரும்புக் கதவு இறங்கியது.

சாம்பலுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவரோடு பேசினேன். அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தாராம். விறகுக் காலத்தில் மழை பெய்தால் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து தகரம் பிடித்துக்கொண்டிருப்பாராம். "நாங்க கடைசி வரைக்கும் இருப்போம்மா. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாங்க." குறையாகச் சொல்லவில்லை, தொழிலைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பெண்கள் வருவார்களா என்று கேட்டேன். முன்னெல்லாம் வாசலோடு நின்றுவிடுவார்கள், இப்போது உள்ளே வருகிறார்கள் என்றார். அப்புறம் தானாகவே, "பாரதியாரை இங்கதான் எரிச்சாங்க, தெரியுமில்ல?" என்றார்.

பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. 1921 செப்டம்பர் 12. துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டிலிருந்து, நான் சற்று முன் வந்த இதே பேட்டைத் தெருக்கள் வழியாகத்தான் தூக்கி வந்திருப்பார்கள். 39 வயதுகூட நிரம்பவில்லை. பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிய அதிர்ச்சியிலிருந்து தேறி வந்தவரை வயிற்றுக்கடுப்பு கொண்டுபோய்விட்டது. கூட வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இங்கே அவருடைய நண்பர் சுரேந்திரநாத் ஆர்யா இரங்கல் பேசினார். கொள்ளி வைத்தவர் உறவினரான ஹரிஹர சர்மா. பாரதிக்கு மகன் இல்லை. தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு மகள்கள் இருந்தார்கள்.

பெண்ணுக்காக அவ்வளவு எழுதியவருக்கும் கொள்ளி வைக்க ஓர் ஆணைத்தான் தேடவேண்டியிருந்தது. அன்றைய வழக்கம் அது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணம் எனக்கு அழுகை வந்தது. அதுவரை அம்மாவுக்காகக்கூட அழாமல் இருந்தேன்.

சாம்பல் ஒரு மண்கலயத்தில் வந்தது. கைக்கு இன்னும் சூடாக இருந்தது. வெள்ளைத்துணி சுற்றி, எண் எழுதிய சீட்டைக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். மறுநாள் விடிகாலை மெரினாவில் கரைத்தோம்.

இதற்கு அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. மருத்துவமனை கொடுத்த சீட்டில் முந்தின நாள் தேதி போட்டுவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள், "அதுவும் சரிதானே, விடியறதுக்கு முன்னாடி போனா அது முந்தின நாள் கணக்கு" என்றார்கள். திதிக்கு அந்தக் கணக்குப் பார்க்கலாம். சான்றிதழுக்கு நள்ளிரவோடு தேதி மாறிவிடும். பாரதிக்கும் இதேதான். அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கு. மாநகராட்சிப் பதிவில் செப்டம்பர் 12 என்று இருக்கிறது, நாம் நினைவு நாள் கொண்டாடுவதோ 11. அம்மா விஷயத்தில் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அவள் கை என் கையில் இருந்த அந்த நாற்பது நிமிஷம் எந்த நாளில் சேர்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் ஒரு வாரம் அலைந்து, திருத்தின சீட்டு வாங்கினேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்குள் சீட்டில் பெயர், தேதி, நேரம் மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் தோன்றாது. கூட இருக்கும் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

சில மாதம் கழித்துப் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போயிருந்தேன், புனித மேரி தேவாலயத்தைப் பார்க்க. முற்றத்துத் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். முதலில் அந்தக் கல்லறைகள் கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கத்தில் இருந்தன. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவருடைய வீரர்கள் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தாக்கினார்களாம். அதனால் முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து பதித்துவிட்டார்கள். எலும்புகள் ஓரிடம், பெயர்கள் ஓரிடம். அவற்றில் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல், 1652ஆம் வருடத்தது. அந்தக் கல்லின் முன் ரொம்ப நேரம் நின்றேன். முந்நூற்றறுபது வருடம் தாண்டியும் ஒரு பெண்ணின் பெயர் வெயிலில் கிடக்கிறது. எங்கள் பாட்டிகள் எத்தனை பேர் கிருஷ்ணாம்பேட்டையில் எரிந்திருப்பார்கள்? கல் ஒன்றும் இல்லை. எரிக்கிற வழக்கத்தில் மிஞ்சுவது கடல் தண்ணீரும் மயானத்துப் பதிவு நோட்டும்தான்.

அந்த நோட்டை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். திருத்தின சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை மயானத்துக்குப் போனபோது. தனியாகத்தான் போனேன், முகத்தைத் திருப்பவில்லை. அதே ஊழியர் இருந்தார், அடையாளம் கண்டுகொண்டு பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அலுவலக அறையில் நீள நோட்டைப் பிரித்தார்கள். நீல மையில் அம்மாவின் பெயர், வயது 71, தெரு. தேதியைச் சிவப்பில் அடித்துச் சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அன்றைக்கு நடுங்கிக்கொண்டு போட்ட என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. உறவு: மகள்.

அந்தக் கட்டத்தில் விரலை மேலே ஓட்டினேன். மகன், மகன், தம்பி, கணவர், மகன், பேரன். ஏழாவது வரியில் இன்னொரு மகள் இருந்தாள். எனக்கு நாலு நாள் முன்னால் வந்திருக்கிறாள். கையெழுத்து கோணலாக, பேனா அழுந்தி, தாள் லேசாகக் கிழிந்திருந்தது.