கேபிளைத் துண்டித்துவிட்டேன்: மலையில் வாழ்பவனுக்குத் தொலைக்காட்சிச் செய்தி எதற்கு?

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

வீட்டில் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கைப்பேசியில் இருந்த செய்திச் செயலிகளும் போயின. காரணம் கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதுகிறேன். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு நீலகிரி எப்போது நினைவுக்கு வருகிறது? தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி படிந்தால் 'மினி காஷ்மீர்'. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி. மழைக்காலத்தில் ரெட் அலர்ட். இடையில் யாருடைய வாசலிலாவது சிறுத்தையோ கரடியோ கேமராவில் சிக்கினால் அன்று முழுவதும் அதே காட்சி. பந்தலூரில் யானை வந்தாலும் 'ஊட்டியில் யானை' என்றுதான் போடுவார்கள். பந்தலூர் எங்கே, உதகை எங்கே?

அந்த 'மினி காஷ்மீர்' பனியில்தான் தாழ்வான இடங்களில் இருக்கும் தேயிலை கருகிப்போகிறது. விடிவதற்கு முன் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பவர்களை எந்தக் கேமராவும் தேடி வருவதில்லை.

ரெட் அலர்ட் கதை இன்னும் வேடிக்கை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சியிலும் மேல்பவானியிலும் கூடலூரிலும் கொட்டும்போது எங்கள் கிழக்குச் சரிவு மழை மறைவில் இருக்கிறது. 2025 மே 25, 26 தேதிகளில் மாவட்டத்துக்கே சிவப்பு. தொலைக்காட்சியில் நெறியாளர் கத்திக்கொண்டிருந்தார். நான் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியவை என்னிடம் இருக்கின்றன. ஊற்றுத் தண்ணீர், விறகு, வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு. மழை எவ்வளவு என்று அறிய நேரான பக்கங்கள் கொண்ட ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்திருக்கிறேன். அதில் 10 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் என் நிலத்தில் சதுர மீட்டருக்கு 10 லிட்டர் விழுந்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு நெறியாளர் தேவையில்லை.

பர்லியார்ப் பலா:

அண்ணா, உங்கள் கட்சிதான் நானும். ஆனால் கோபத்தின் காரணம் வேறு. நான் வாடகை வண்டி ஓட்டுகிறேன். எங்கேயோ எப்போதோ நடந்த மண்சரிவுக் காட்சியை 'கோப்புக் காட்சி' என்று மூலையில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டு நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். மறுநாள் காலை முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக அழைத்து ரத்து செய்கிறார்கள். "சாலை திறந்துதான் இருக்கிறது, இப்போதுதான் வந்தேன்" என்றால் என்னை நம்ப மாட்டார்கள். வண்டிக்காரன் வாடகைக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைப்பு.

இ-பாஸ் வந்தபோதும் இப்படித்தான். 2024 மே 7 முதல் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்பதுதான் செய்தி. அது 'ஊட்டிக்குத் தடை' ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கை வைத்தார்கள். உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்குப் பாஸே வேண்டாம் என்பதை எத்தனை பேர் எனக்குச் சொன்னதாக நினைக்கிறீர்கள்? சோதனைச் சாவடியில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

கேத்திப் பள்ளத்தாக்கு:

முப்பது வருடம் புவியியல் பாடம் நடத்தியவள் நான். தேயிலைக்காரர் எழுதியதில் பாதி சரி, மீதிப் பாதி ஆபத்து. ஆபத்தை மட்டும் பேசுகிறேன்.

கிழக்குச் சரிவு மழை மறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதத்தில்? ஜூன், ஜூலையில் மறைவு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது அதே சரிவு மழைக்கு முகம் காட்டி நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நாடே பேசியது. 2009 நவம்பரில் ஏறக்குறைய அதே அளவு எங்கள் கேத்தியில் ஒரே நாளில் பெய்தது. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கங்களில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலையே இறங்கிச் சாலையை அடித்துக்கொண்டு போனது. பர்லியார்த் தம்பிக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

உங்கள் டப்பா நல்ல டப்பாதான். ஆனால் அது விழுந்த மழையைச் சொல்லும், வரப்போகும் மழையைச் சொல்லாது. 80 சென்டிமீட்டர் மழையில் அது எத்தனை முறை நிரம்பி வழியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதை அளக்க நள்ளிரவில் எழுந்து போவீர்களா?

வானிலை ஆய்வு மையம் சொல்வதும் தொலைக்காட்சி கத்துவதும் ஒன்றல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் போனால் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயல்படு. இவ்வளவுதான் அறிவிப்பு. பின்னணி இசையைச் சேர்ப்பது வேறு ஆட்கள்.

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

டீச்சர், 2009-ஐ எனக்கு நினைவூட்ட வேண்டாம். நானும் இங்கேதான் இருந்தேன். மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை, சாலை இல்லை. எங்கள் ஊருக்கு முதலில் வந்தவர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து ஹட்டிக்காரர்கள் (ஹட்டி என்றால் படுகர் ஊர்). கேமரா வந்தபோது பிணங்களை எடுத்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வருடங்களில் சரிவை நேர்க்குத்தாக வெட்டிக் கட்டடம் எழுப்பியபோதும், ஓடையை மூடி மனை போட்டபோதும் அந்தக் கேமரா எங்கே இருந்தது? மண் சரிந்த பிறகு வருவதற்குப் பெயர் எச்சரிக்கையா?

நான் வானிலை மையத்தைக் குறை சொல்லவில்லை. இடையில் நிற்கும் தரகர்களைச் சொல்கிறேன்.

குந்தாச் சாரல்:

வேலைக்காகச் சென்னை போய் ஊர் திரும்பியவன் நான்; வயதில் சிறியவன். ஆனாலும் கேட்கிறேன். அண்ணா, உங்கள் சமையலறை அரிசி எங்கே விளைந்தது? எரிவாயு உருளை எந்தச் சாலையில் ஏறி வந்தது? குன்னூர் மலைப்பாதை அடைபட்டால் லாரிகளெல்லாம் உங்கள் கோத்தகிரி வழியாகத் திரும்புமே, அப்போது சாலை எப்போது திறக்கும் என்று டப்பாவிடம் கேட்பீர்களா?

இன்னொன்று. பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரி விலை அறிவிக்கிறது. அதற்குக் குறைத்து ஆலை கொடுத்தால் கேள்வி கேட்க முடிகிறது என்றால், அந்த விலை நான்கு பேருக்குத் தெரியும்படி அச்சில் வருவதால்தான். 2023 செப்டம்பரில் ஆதரவு விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அது மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தது? செய்தி உங்களுக்காக வரும்போது இனிக்கிறது.

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

தம்பி, எனக்கு விலை தெரிவது இலை ஏஜென்டிடம் சண்டை போட்டு. பத்திரிகையில் பார்ப்பது அதற்குப் பிறகு.

தற்சார்பு என்றால் அரிசியை நானே விளைவிப்பது என்று நான் சொல்லவே இல்லை. 2,000 மீட்டர் உயரத்தில் நெல் நடுகிறவன் பைத்தியக்காரன். முடிவை நானே எடுக்கிறேன் என்கிறேன். யாராவது ஒரு செய்தி சொன்னால் மூன்று கேள்வி கேட்கிறேன். நேரில் பார்த்தது யார்? எந்த இடம்? எத்தனை மணிக்கு? பதில் இருந்தால் கேட்டுக்கொள்வேன், சொன்னவர் பால்காரராக இருந்தாலும் சரி. இல்லாவிட்டால் தில்லியிலிருந்து வந்தாலும் வேண்டாம்.

கேத்திப் பள்ளத்தாக்கு:

நல்ல கேள்விகள். உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டீர்களா? தொலைக்காட்சியைத் துண்டித்தவர் அந்தக் குழுவிலிருந்து விலகியதாக எழுதவில்லையே. போன மழைக்காலத்தில் 'குன்னூர் மலைப்பாதை துண்டிப்பு, யாரும் வர வேண்டாம்' என்று ஒரு படம் ஊர் ஊராகச் சுற்றியது. படத்தில் இருந்த பெயர்ப் பலகை இந்தி எழுத்தில் இருந்தது. அதை எனக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் உங்களைப் போலத் தொலைக்காட்சியை நம்பாதவர்கள்தான்.

பர்லியார்ப் பலா:

அந்தப் படம் எனக்கும் வந்தது. அனுப்பியவர் என் மாமனார். மறுத்துப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு வண்டியை எடுத்தேன்.

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

குழுவில் இருப்பவர்களை எனக்குத் தெரியும், டீச்சர். யார் அளந்து பேசுவார், யார் அளப்பார் என்று முகம் பார்த்தே சொல்வேன். தொலைக்காட்சியில் பேசுகிறவரை நான் எங்கே போய்ப் பிடிப்பது? தப்பாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரனை டீக்கடையில் நான்கு பேர் முன்னால் கேட்கலாம்.

குந்தாச் சாரல்:

கேட்டிருக்கிறீர்களா?

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

கேட்டதால்தான் இரண்டு வீட்டில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கொழுந்துக் கூடை:

படித்துக்கொண்டே வந்தேன். நான் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். பெயர் எழுதினால் வேலை போகும், எழுதவில்லை.

சொந்த ஊற்று, சொந்தத் தோட்டம், சொந்த டப்பா, எல்லாம் நன்றாக இருக்கிறது. எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீடு, அதாவது வரிசை வீடு, சரிவுக்கு அடியில் இருக்கிறது. வீடும் எங்களுடையதில்லை, மேலே இருக்கும் மண்ணும் எங்களுடையதில்லை. அலர்ட் என்றால் பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். மழை பெய்யாமல் போனால் அந்தக் கூலியை எந்தத் தொலைக்காட்சியும் தரப்போவதில்லை. அதற்காக அலர்ட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தேயிலைக்கார அண்ணனுக்கு அது இருக்கிறது, ஏனென்றால் அவர் வீடு மேட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். எதைப் பார்த்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கோட்டு போட்டுக்கொண்டு வெள்ளத்தில் நின்று பேசுகிறார்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கு:

அம்மா, முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது இதுதான். கேளுங்கள்.

ஒரு நாள் பெருமழையை மட்டும் பார்க்காதீர்கள். பல நாட்கள் விடாமல் பெய்து மண் ஊறியிருக்கும்போது அதன் மேல் விழும் மழைதான் கொல்கிறது. நம் மலையில் பாறைக்கு மேலே ஆழமான களிமண் இருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றால் மண் கனத்து வழுக்கும். மேலே ஓடையை அடைத்திருந்தாலோ, அடியில் மண்ணை வெட்டி எடுத்திருந்தாலோ இன்னும் சீக்கிரம்.

பார்க்க வேண்டியவை: எப்போதும் தெளிவாக வரும் ஊற்று திடீரெனக் கலங்கினால், இல்லாத இடத்தில் புதிதாகத் தண்ணீர் கசிந்தால், நல்ல மழையிலும் ஓடையில் நீர் சட்டென்று குறைந்தால் (மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்), தரையிலோ சுவரிலோ புது விரிசல் கண்டால், கதவு நிலை இறுகி மூட முடியாமல் போனால், சில்வர் ஓக் மரமோ மின்கம்பமோ சாய்ந்திருந்தால், கல் உருளும் சத்தம், மரம் முறியும் சத்தம் கேட்டால். இவற்றில் ஒன்று போதும். எந்த நிறம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். பக்கவாட்டில் நகர்ந்து மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். ஓடை வழியாகக் கீழே இறங்காதீர்கள். போன பிறகு 1077-க்கு அழையுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

எதுவும் தெரியாவிட்டாலும் சிவப்பு என்றால் அன்றிரவு அங்கே படுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இரவில் தெரியாது. 2009-ல் இறந்தவர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

கோத்தகிரித் தேயிலைக்காரன்:

டீச்சர் எழுதியதை அச்செடுத்து எங்கள் டீக்கடையில் ஒட்டப்போகிறேன். தொலைக்காட்சி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஒரு மணி நேர விவாதத்தில் இதில் ஒரு வரியைக்கூட அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வீடு மேட்டில்தான் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் மாவட்டத்துக்கே ஒரு நிறம் என்பது உங்களுக்கும் கேடுதான். ஜூலையில் சும்மா வந்த சிவப்பைப் பார்த்துப் பழகியவர்கள் நவம்பரில் வரும் சிவப்பையும் அப்படியே விட்டுவிடுவார்கள். தாலுகா வாரியாக எச்சரிக்கை கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

குந்தாச் சாரல்:

நான் போடுகிறேன். கூடவே உங்கள் டப்பா அளவைத் தினமும் இங்கே போடுங்கள். காலை 8.30-க்கு அளந்தால் வானிலை மையத்தின் கணக்கோடு ஒப்பிடலாம், அவர்களின் நாள் அப்போதுதான் தொடங்குகிறது. நேரில் பார்த்தது யார், எங்கே, எப்போது என்ற உங்கள் மூன்று கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாள் தவறினாலும் நான் கேட்பேன்.

பர்லியார்ப் பலா:

மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய காட்சியைப் போட்டால் தேதியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஆட்சியரால் அது முடியாது என்று தெரியும், என் மனம் ஆறவாவது எழுதுங்கள்.

கொழுந்துக் கூடை:

மனு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் சாலை போட மண் வெட்டி எடுத்தார்கள். தடுப்புச் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் கட்டவில்லை. அதைப் படம் எடுக்க எந்தத் தொலைக்காட்சியும் வந்ததில்லை, இங்கே எழுதுகிற நீங்களும் வந்ததில்லை. டீச்சர் சொன்ன விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை, சுவரில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எது பழையது, எது புதியது என்று யாராவது வந்து பார்த்துச் சொன்னால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. வருகிறவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள், எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று எழுதுகிறேன்.