புதுப்பிப்பு: கிளஸ்டர் தலைவலிக்கு அறுவை சிகிச்சை

வெராபமில், லித்தியம் என்ற தடுப்பு மருந்துகள் இரண்டும் கைகொடுக்காத நாள்பட்ட கிளஸ்டர் தலைவலிக்கு (ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி விட்டுவிட்டுத் தாக்கும் கடும் வலி) அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நரம்பியல் மருத்துவரிடம் விரிவாகப் பேசியாச்சு.

முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பை வெட்டும் பழைய முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முகம் மரத்துப்போகும். கருவிழியில் உணர்ச்சி போனால் தூசி விழுந்தாலும் தெரியாது. புண்ணாகிப் பார்வையே கெடலாம். இத்தனைக்கும், வெட்டிய பிறகும் வலி தொடர்ந்தவர்கள் உண்டு. வலி கிளம்புவதில் மூளையின் ஹைப்போதலாமஸுக்கும் பங்கு இருக்கிறதே! அங்கேயே மின்முனை வைக்கும் சிகிச்சை 2000-ல் மிலானில் தொடங்கியது. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் அது கடைசி வழி.

இப்போது யோசிப்பது பிடரி நரம்புத் தூண்டல். பிடரியில் உள்ள நரம்புக்கு லேசான மின்சாரம் கொடுப்பார்கள்: தோலுக்கடியில் மின்கம்பி, மார்பிலோ வயிற்றிலோ பேட்டரி. நரம்பை வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். பலன் தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம். கம்பி நகர்ந்தாலோ கிருமித்தொற்று வந்தாலோ மறுபடி அறுவை. இருந்தாலும் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

அதற்கு முன் பிடரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கப் போகிறோம். அதுவரை ஆக்சிஜன்தான் துணை: வலி கிளம்பின உடனே முகமூடி, நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர். ஊசி போட்டதும் எழுதுகிறேன்.