செல்லின் உள்சட்டக மாதிரிக்கு ஒரு முடிச்சு வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். தக்கலை அருகே பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். செல் என்றால் நீர் நிரம்பிய பை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதன் உருவத்தைத் தாங்கும் உள்சட்டகத்தை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராக எடுத்திருக்கிறேன். சட்டகத்தில் மூன்று வகைப் புரத இழைகள் உண்டு. அவற்றில் இழுவிசையைத் தாங்கும் இடைநிலை இழைக்கு 10 மி.மீ. தும்புக் கயிறு கிடைத்துவிட்டது. 7 மி.மீ. ஆக்டின் இழையை இரண்டு மணிச்சரங்களை முறுக்கிச் செய்துவிட்டேன். சிக்கல் மூன்றாவதான நுண்குழலில்தான். 25 மி.மீ. பிவிசி குழாயை வைத்துவிடலாம் என்கிறார்கள்; எனக்கு மனம் வரவில்லை. நுண்குழல் என்பது டியூபுலின் என்ற புரதத்தாலான, பெரும்பாலும் 13 சரங்கள் வட்டமாக ஒட்டி நிற்கும் குழல். நுனியில் வளரும், திடீரென்று அதே நுனியில் சரங்கள் வெளிப்புறமாகச் சுருண்டு பிரியும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் இழுபடுவதில் சரங்கள் இப்படிச் சுருண்டு பிரிவதற்குப் பெரும் பங்கு உண்டு. அசையாத குழாய் இதை எப்படிக் காட்டும்?

நுனியை இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று, மற்ற இடத்தில் இறுகியே நிற்கும் முடிச்சு, குளச்சல், முட்டம் பக்கம் வலை பின்னும் அண்ணன்மார் யாருக்காவது தெரியுமா? ஆல்பா, பீட்டா என்ற இரு வகை டியூபுலினுக்காக இரண்டு நிறத்தில் 4 மி.மீ. மணிகள் நாகர்கோவிலில் மொத்தமாக எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வந்து கற்றுக்கொள்கிறேன்.