பல்லு வெளக்குனா ரத்தம் வருதுங்க, அந்த எடத்த வெளக்காம விட்டறலாமா?

அவிநாசிக்காரி:
எல்லாருத்துக்கும் வணக்கமுங்க. வயசு 34, பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஒரு மாசமா பல்லு வெளக்கித் துப்புனா ரத்தமா வருது, முக்கியமா கீழ் முன்பல்லுல. வலியெல்லாம் இல்லீங்க. பயந்துட்டு அந்த எடத்துல பிரஷ்ஷே வெக்கறதில்ல. டாக்டரு கிளீனிங் பண்ணோணும்ங்கறாரு, எங்க மாமியா என்னடான்னா "அது பண்ணுனா பல்லு ஆடிப்போகும் கண்ணு, பக்கத்தூட்டுக்காரி பண்ணிட்டு இன்னைக்கு பொக்கவாயாத் திரியறா, அடுப்புக்கரியும் உப்பும் போட்டு வெளக்கு, கம்முனு நின்னுரும்"ங்கறாங்க. ஆரு சொல்றத கேக்கறதுங்க?

காலிங்கராயன்வாய்க்கா:
ஏனுங் அம்மிணி, ரத்தம் வர்ற எடத்தத்தான் நல்லா வெளக்கோணும். நானும் இப்படித்தான் ரெண்டு வருசம் விட்டு, கீழ்ப்பல்லுக்குப் பின்னால கல்லாட்டம் காரை கட்டிப்போச்சு. நாக்குல தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா அதேதான், பிரஷ்ஷுக்கெல்லாம் வராது. ஈரோட்ல போய் எடுத்தேன். எடுத்த அன்னைக்கு பல்லு ஆடறாப்பலதான் இருந்துச்சு, சந்து சந்தா வேற தெரிஞ்சுது, நெம்ப ஏமாந்துட்டம்னு நெனச்சேன், அப்பறம்தான் காரை அடைச்சுக் கெடந்த எடம் காலியானதால அப்படின்னு புரிஞ்சுது. ஒரு வாரம் டீ குடிச்சா கூசுச்சு, அவ்வளவுதான்.

பல்கிளினிக்அக்கா:
9 வருசமா பல் கிளினிக்ல நிக்கறேன், டாக்டர் இல்லீங்க. அந்தப் பக்கத்தூட்டு அம்மாவுக்கு ஈறும் எலும்பும் மொதல்லயே கரைஞ்சிருக்கும், காரைதான் பல்லை ஒட்டுக்கா புடிச்சு வெச்சிருந்திருக்கும், பழி கிளீனிங் மேல. நீங்க சாஃப்ட் பிரஷ் வாங்கி ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வெச்சு 2 நிமிசம் மெதுவா வெளக்குங்க, காட்டுல களை கொத்தறாப்பல வேண்டாம். ராத்திரி படுக்கறக்கு முன்னாடி கண்டிப்பா, தூங்கறப்ப எச்சில் கொறையறதால அழுக்கு நல்லா வேலை பாக்கும். கிளீனிங் பண்ணி 2 வாரம் ஒழுங்கா வெளக்கியும் ரத்தம் நிக்கலைன்னா சக்கரை டெஸ்ட் எடுத்துப் பாருங்க. மாசமா இருந்தாலும் ஈறு வீங்கி இப்படி வரும்.

ஓமலூர்மாம்பழம்:
கரி மட்டும் வேண்டாமுங்க. எங்கூர் போர் தண்ணில ஃபுளோரைடு எச்சு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமத் தாண்டுனதுன்னு சொன்னாங்க. சின்னதுல இருந்து குடிச்சு பல்லுல பழுப்புக்கறை. எங்க அப்பாரு கரி, செங்கப்பொடின்னு போட்டுத் தேச்சுவுட்டாரு. கறை பல்லு மொளைக்கறக்கு முந்தியே உள்ளார ஏறுனது, தேச்சா எங்க போகும்? எனாமல்தான் தேஞ்சுது, தேஞ்ச எனாமல் திரும்ப மொளைக்காது, இப்ப ஐஸ் தண்ணி வாயில வெக்க முடியல.

காலிங்கராயன்வாய்க்கா:
அப்ப ஃபுளோரைடு பேஸ்ட்டும் ஆகாதுங்களா?

பல்கிளினிக்அக்கா:
தண்ணி முழுங்கறது, பேஸ்ட் துப்பறது. சொத்தை வராம இருக்க அது வேணும். சின்னக் கொழந்தைகளுக்கு மட்டும் அரிசி அளவு வெச்சு முழுங்காம பாத்துக்கோங்க.

அவிநாசிக்காரி:
நாக்குல தடவுனேனுங்க, சொரசொரன்னுதான் இருக்குது. சனிக்கெழமை சம்பளம் வந்ததும் போறேன். அத்தைகிட்ட கோயிலுக்குன்னு சொல்லிக்கறேன்.