உதவி தேவை: தண்ணீர் ராக்கெட்டுக்கு ஒரு சிமுலேட்டர் 79 மீட்டர் சொல்கிறது, இன்னொன்று 50, மைதானத்தில் 38. எதை நம்புவது?

எட்டாம் வகுப்பு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் மன்றப் பிள்ளைகள் 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் தண்ணீர் ராக்கெட் செய்திருக்கிறார்கள். எவ்வளவு உயரம் போகும் என்று முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் ஏவிக் காட்ட வேண்டும். அதுதான் கண்காட்சிக்கு எங்கள் திட்டம். அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

காலி ராக்கெட் 150 கிராம், மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தது. தண்ணீர் 600 மில்லி. மீட்டர் வைத்த சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம். பாட்டில் வாயே நாசில், உள்விட்டம் 21.7 மில்லிமீட்டர். சன்போர்டில் வெட்டிய மூன்று இறக்கை, மூக்கில் பாதி டென்னிஸ் பந்து.

இணையத்தில் கிடைத்த இரண்டு சிமுலேட்டரில் போட்டேன். இரண்டிலும் இழுவைக் குணகம் (வடிவத்தைப் பொறுத்துக் காற்று எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்) 0.4. முதலாவது 79 மீட்டர் என்கிறது, இரண்டாவது 50. மைதானத்தில் ஐந்து முறை விட்டோம். 50 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூல் கட்டி, அதில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு உச்சிக் கோணம் பார்த்தோம். சராசரி 36 பாகை. டேன் 36 பெருக்கல் 50, அதோடு கண் உயரம் ஒன்றரை மீட்டர், ஆக ஏறத்தாழ 38. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எக்ஸெல் பிரியர்

டீச்சர், உங்கள் எண்களை என் எக்ஸெல் தாளில் போட்டேன். சரியாக 38 வருகிறது! நியூட்டன் விதியை வைத்து நானே எழுதியது. தண்ணீர் வெளியேறும் வேகம், குறையும் எடை, காற்றுத் தடை, ஈர்ப்பு எல்லாம் இருக்கிறது. சிமுலேட்டர்களை விடுங்கள், தாளை அனுப்புகிறேன்.

பம்புசெட்

டீச்சர், முதலில் அந்த 79ஐப் பார்ப்போம். பாட்டிலின் விட்டம் என்று எதைக் கொடுத்தீர்கள்?

எக்ஸெல் சார், உங்களிடமும் ஒரு கேள்வி. தண்ணீர் தீர்ந்த பிறகு உள்ளே மிச்சம் இருக்கும் காற்றைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா?

எட்டாம் வகுப்பு டீச்சர்

இஞ்ச் டேப்பைச் சுற்றி அளந்தோம். சுற்றளவு 34.5 சென்டிமீட்டர், பையால் (π) வகுத்தால் விட்டம் 11. குறுக்குப் பரப்பு கண்டுபிடிக்க ஆரம் 5.5 என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம்... ஐயோ. அந்த 5.5ஐத்தான் விட்டம் கேட்ட இடத்தில் போட்டிருக்கிறேன். இரண்டாவது சிமுலேட்டரில் "2 லிட்டர் பாட்டில்" என்று பட்டியலிலிருந்து எடுத்ததால் அங்கே இந்தத் தப்பு நேரவில்லை.

இப்போது 11 போட்டேன். முதலாவதும் 50 என்கிறது!

பம்புசெட்

அதேதான். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி, காற்றுத் தடையும் கால்வாசி. 29 மீட்டர் சும்மா கூடிவிட்டது. ஆக சிமுலேட்டர்களுக்குள் சண்டை இல்லை. 50க்கும் 38க்கும் நடுவில் உள்ள 12 மீட்டர்தான் இனி நம் வேலை.

எக்ஸெல் பிரியர்

பம்புசெட் சார், சேர்க்கவில்லை. தண்ணீர் போனதும் உந்துவிசை சுழியம் என்று வைத்திருக்கிறேன். அந்தக் கொஞ்சம் காற்றில் என்ன வந்துவிடப் போகிறது?

பம்புசெட்

நிறைய வரும் சார். 60 பிஎஸ்ஐ என்றால் வெளிக்காற்றைவிட 4.1 பார் அதிகம், முழு அழுத்தம் சுமார் 5.15 பார். 1.4 லிட்டர் இடத்தில் இருந்த காற்று 2 லிட்டருக்கு விரிகிறது. கண் மூடித் திறப்பதற்குள் நடப்பதால் வெப்பம் உள்ளே வர நேரமில்லை, வெப்பமாறா விரிவு. கடைசித் துளி தண்ணீர் போகும்போதும் உள்ளே சுமார் 3.1 பார் இருக்கும். அது பீறிட்டு வெளியேறும்போது ராக்கெட்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் கூடும். தண்ணீர் மட்டும் தரும் வேகம் நொடிக்கு 36 மீட்டர் என்றால், காற்றும் சேர்ந்து 45, 46.

தண்ணீர் தீர்ந்த உடனே பாட்டில் வாயில் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று வருமே, பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்றில் ஈரம் பனியாகிறது. அந்தப் புகை வருகிற நேரத்தில் இன்னும் தள்ளு இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் தாள் காட்டிய 38 தற்செயல். உங்களிடம் உந்துவிசை குறைவு, டீச்சரின் ராக்கெட்டில் வேறு ஏதோ குறைவு, இரண்டும் ஒரே எண்ணில் போய் நின்றுவிட்டன. நாளைக்கு அவர் தண்ணீர் அளவை மாற்றினால் உங்கள் தாள் வேறு எங்கோ போகும்.

எக்ஸெல் பிரியர்

ஒப்புக்கொள்கிறேன். காற்றுப் பகுதியைச் சேர்த்தேன், எனக்கும் 49.5 வருகிறது. டீச்சர், தவறான தாளை நம்பச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

எட்டாம் வகுப்பு டீச்சர்

பரவாயில்லை சார், அந்தத் தாள் வந்ததால்தான் புகை விஷயமே எனக்குத் தெரிந்தது. அந்த 12 மீட்டருக்கு எடை காரணமாக இருக்குமா? டேப் எல்லாம் ஒட்டி ராக்கெட் கனமாகிவிட்டது.

காற்றாடி

குறுக்கே வருகிறேன். எடை இல்லை டீச்சர். சிமுலேட்டரில் எடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 100 கிராமுக்கும் 150 கிராமுக்கும் கிட்டத்தட்ட அதே 50தான் வரும். 200க்குப் போனால் 47. லேசான ராக்கெட் வேகமாகக் கிளம்பும், ஆனால் காற்று அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். பஞ்சை எறிவதற்கும் கல்லை எறிவதற்கும் உள்ள வித்தியாசம்தான். தண்ணீர் அளவும் அப்படித்தான், 600க்குப் பதில் 550 ஊற்றியிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது.

38க்குக் கொண்டுவரக்கூடிய சந்தேகங்கள் இரண்டு. ஒன்று, பம்பு மீட்டர் பொய் சொல்கிறது, உண்மையில் ஏறுவது 42 பிஎஸ்ஐதான். இரண்டு, இழுவைக் குணகம் 0.4 இல்லை, 0.7. எதைப் போட்டாலும் 38 வரும், நானே போட்டுப் பார்த்தேன். அதனால் உச்சி உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை முறை அளந்தாலும் எது குற்றவாளி என்று தெரியாது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உயரம் ஒத்துவரும்வரை குணகத்தைத் திருகிவிட்டு, பொருந்திவிட்டது என்று போய்விடுவார்கள்.

இரண்டையும் பிரிக்கும் இடம் கிளம்பிய முதல் சில மீட்டர். அழுத்தம் குறைவு என்றால் கிளம்பும் வேகமே 36 ஆக இருக்கும். தடைதான் காரணம் என்றால் கிளம்பும்போது 44, 45 இருந்துவிட்டு மேலே போகப்போகத் தேயும்.

கைபேசியில் ஸ்லோ மோஷன் இருக்குமே, நொடிக்கு 240 படம் எடுப்பது? 20 அடி சவுக்குக் கம்பு ஒன்றில் அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஏவுதளத்துக்குப் பக்கவாட்டில், கேமராவிலிருந்து ராக்கெட் இருக்கும் அதே தூரத்தில் நடுங்கள். பின்னால் நட்டால் கோடுகள் சின்னதாகத் தெரிந்து கணக்கு கெடும். 15 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். புகை அடங்கியதிலிருந்து 10 படம் எண்ணி, அதற்குள் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 1.5 மீட்டர் என்றால் பம்பு. 1.8 அல்லது அதற்கு மேல் என்றால் ராக்கெட்.

பம்புசெட்

கம்பு நடுகிற ஆர்வத்தில் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள் டீச்சர். காற்றேறிய பாட்டிலிடமிருந்து எல்லோரும் 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், கயிற்றை இழுப்பவர் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கீறல் விழுந்த, மடங்கிய பாட்டிலை அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். உயரம் போதவில்லை என்று 60க்கு மேல் ஏற்றவும் வேண்டாம்.

எட்டாம் வகுப்பு டீச்சர்

பந்தல் போடுபவரிடம் கம்பு வாங்கி, சாக்பீஸால் கோடு போட்டோம். முதல் வீடியோ வெயிலில் வெளுத்துவிட்டது, இரண்டாவது நன்றாக வந்தது. எட்டுப் பிள்ளைகள் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினார்கள். தண்ணீர் தீர்ந்ததும் வெள்ளைப் புகை அப்படியே தெரிந்தது! புகைக்குப் பிறகு 10 படத்தில் 1.8 மீட்டர். நொடிக்கு 43. அப்படியானால் பம்பு நல்ல பம்பு.

இன்னொன்றும் பார்த்தோம். கம்பைத் தாண்டியதும் ராக்கெட்டின் அடிப்பாகம் மீன் வால் மாதிரி இரண்டு பக்கமும் அசைகிறது. கண்ணால் பார்க்கும்போது நேராகப் போவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்தோம்.

காற்றாடி

பிடித்துவிட்டீர்கள். வாலாட்டிக்கொண்டே போகிற ராக்கெட் காற்றுக்குத் தன் பக்கவாட்டையும் காட்டுகிறது. 0.7 அங்கேதான் பிறக்கிறது. சிமுலேட்டரோ ராக்கெட் எப்போதும் நேராகப் போவதாக வைத்துக் கணக்கிடுகிறது.

தண்ணீர் இல்லாத ராக்கெட்டை நூலில் கட்டி, நேர்மட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே முடிச்சை டேப் போட்டு ஒட்டி, தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் நல்லது. குறுக்கே நின்றாலோ வால் முன்னால் வந்தாலோ ஈர்ப்பு மையம், அதாவது முடிச்சுப் போட்ட அந்தச் சமநிலை இடம், அதிகம் பின்னால் இருக்கிறது. இறக்கைகள் நேராக இருக்கின்றனவா என்றும் வாய்ப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

கணினியிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் வடிவத்தை வரைந்தால் அழுத்த மையம் (காற்றின் தள்ளு மொத்தமும் விழுவதாகக் கொள்ளும் புள்ளி) எங்கே என்று காட்டும். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். அதில் தண்ணீர் எஞ்சின் கிடையாது, நிலைத்தன்மை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு டீச்சர்

சுழற்றினோம், குறுக்கே நின்றது. இறக்கைகளில் ஒன்று சுமார் 5 பாகை சாய்ந்திருந்தது. சூடான பசையில் ஒட்டியது, 11 மணி வெயிலில் பாட்டில் சூடேறி பசை இளகியிருக்கிறது. விரலால் தொட்டால் இறக்கை ஆடுகிறது.

பாட்டிலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இறக்கைக்கு இரண்டு பக்கமும் மடிப்பு வைத்து டேப் சுற்றினோம். பந்துக்குள் 30 கிராம் களிமண். இப்போது 180 கிராம். எடை கூடினால் உயரம் குறையுமே என்று ஒரு பையன் பயந்தான், காற்றாடி சார் சொன்ன 100, 150, 200 கணக்கைக் காட்டினேன். சுழற்றியபோது மூக்கு முன்னால் போனது.

நேற்று நான்கு முறை விட்டோம். கோணம் 41, 42, 42, 43. சராசரிக்கு 46.5 மீட்டர். சிமுலேட்டரில் 180 கிராம், குணகம் 0.45 என்று போட்டால் 46.

பம்புசெட்

அருமை டீச்சர். ஒரு பாகை தப்பாகப் பார்த்தாலே அந்த உயரத்தில் ஒன்றரை மீட்டர் மாறும், அதனால் 46க்கும் 46.5க்கும் வித்தியாசம் தேட வேண்டாம். ஆனால் 0.45 என்பது ஏவிய பிறகு பொருத்திய எண். அதையே மாற்றாமல் வைத்து, வேறு அழுத்தத்துக்குக் கணித்துவிட்டு ஏவுங்கள். அது பொருந்தினால்தான் முன்கணிப்பு.

எட்டாம் வகுப்பு டீச்சர்

செய்துவிட்டோம். 45 பிஎஸ்ஐக்கு சிமுலேட்டர் 36.5 மீட்டர் என்றது. எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் அது 35 பாகை. பிள்ளைகள் காலையிலேயே பலகையில் "35" என்று எழுதி வட்டம் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள்.

மூன்று முறை ஏவினோம். 34, 35, 35.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்ட பிள்ளைதான் மூன்றாவது முறை பாகைமானியைப் பிடித்திருந்தாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நூலை விரலால் அழுத்திப் பிடித்தபடியே என்னிடம் ஓடிவந்து காட்டினாள்.