ஷூ லேஸ், இன்சோல், பக்கிள் எல்லாத்தையும் ஒரே கஸ்டம்ஸ் கோடு 6406ல போட்டுடலாமா?

பெரியமேடு_கடை

வணக்கம் நண்பர்களே, பெரியமேட்டுல ஷூ ஐட்டம் ஹோல்சேல் பண்றோம். இவ்வளவு நாளா மும்பை பார்ட்டிகிட்டதான் வாங்கிட்டிருந்தோம், இப்பதான் மொதல் தடவையா சைனாலேர்ந்து நேரா எல்சிஎல்-ல (மத்தவங்க சரக்கோட ஒரே கன்டெய்னர்ல) சென்னை ஹார்பருக்கு சரக்கு வருது. பாலியஸ்டர் ஷூ லேஸ் (முனைல டிப் போட்டு ஜோடி பாக்கெட்), அதே லேஸ் டிப் இல்லாம ரோலாவும் கொஞ்சம், சிலிக்கான் ஹீல் குஷன், ஜெல் இன்சோல், இரும்பு பக்கிள், பித்தளை ஐலெட் (லேஸ் கோக்கற ஓட்டை வளையம்), அப்புறம் கிளாக் செருப்பு ஓட்டைல பசங்க சொருகுற பிவிசி பொம்மை, இவ்ளோதான். சப்ளையர் இன்வாய்ஸ்ல மொத்தத்துக்கும் 6406 90-னு ஒரே கோடு (டியூட்டி எவ்வளவுன்னு முடிவு பண்ற நம்பர், 6406 ஷூ பார்ட்ஸுக்கானது). எங்க கிளியரிங் ஏஜெண்டும் "எல்லாம் ஷூ பார்ட்ஸ்தானே சார், ஒரே லைன்ல முடிச்சிரலாம்"ங்கறாரு. பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல குடுக்கற இறக்குமதி டிக்ளரேஷன்) இன்னும் ஃபைல் பண்ணல. இப்படி போட்டா பின்னாடி வம்பு வருமா?

ஹார்பர்_ரெங்கா

வரும். அதுவும் கஸ்டம்ஸ்காரங்க பெருசா தேடக்கூட வேணாம், டேரிஃப் புத்தகத்துல செருப்புக்கான சேப்டர் 64 ஆரம்பத்துலயே இருக்கற நோட் 2-வ படிச்சாலே போதும். 6406ல "பார்ட்ஸ்"னு சொன்னா அதுல ஐலெட், ஹூக், பக்கிள், அலங்கார ஐட்டம், லேஸ், பின்னல் நாடா, குஞ்சம், அடில அடிக்கற லாடம் இதெல்லாம் சேராது, அததுக்குரிய ஹெடிங்குக்கு (நாலு டிஜிட் கோடு) போகணும்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. பட்டனும் கிடையாது, அது 9606. ஷூவுல மாட்டறதாலயே ஷூ பார்ட் ஆயிடாதுங்க, நிறைய பேர் இங்கதான் வழுக்கறாங்க.

உங்க லிஸ்ட்ல டிப் போட்ட லேஸ் 6307 90, தச்சு முடிச்ச துணிச் சாமான் கணக்கு. டிப் இல்லாத ரோல் லேஸ் அது இல்ல, வெறும் பின்னல் நாடா, 5808. ரெண்டும் ஒரே மிஷின்ல ஓடின சரக்கா இருந்தாலும் கோடு வேற வேறதான். ஐலெட் 8308 10, பக்கிள் 8308 90, இரும்போ பித்தளையோ ரெண்டும் பேஸ் மெட்டல்தான் (தங்கம் வெள்ளி மாதிரி இல்லாத சாதா உலோகம்) அதனால அங்கேயே அடங்கிரும். ஆனா பக்கிள் பிளாஸ்டிக்னா 3926க்கு போயிரும். 6406ல நிஜமா உக்கார்றது உங்க இன்சோலும் ஹீல் குஷனும் மட்டும்தான், அது ஹெடிங்லயே பேரோட இருக்கு. சிலிக்கான்னா பிளாஸ்டிக் ஆச்சே, பிளாஸ்டிக் சேப்டர் 39க்கு போகாதான்னு கேப்பீங்க, சேப்டர் 39 நோட் 2லயே செக்‌ஷன் 12 சரக்க வெளிய தள்ளிட்டாங்க, செருப்பு சம்பந்தப்பட்டது அங்கதான் வருது.

பொம்மை மேட்டர்தான் இழுபறி. அலங்காரம்ங்கறதால 6406 கிடையாது, அதுல சந்தேகமே இல்ல. 3926 40-ங்கற அலங்காரப் பொருளா, 3926 90-ங்கற மத்ததான்னு ஆபீசருக்கு ஆபீசர் பேசுவாங்க, ஒருத்தர் 7117 கவரிங் நகைன்னு கூட எழுதலாம். அதுக்கு இப்பவே ஒரு பதில் ரெடி பண்ணி வச்சுக்கோங்க, உடம்புல போடற நகை இல்ல, செருப்புல சொருகற பொருள்னு.

சவுத்_டிரேடர்

சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ். நாங்க ரொம்ப காலமா லேஸ் பக்கிள் எல்லாம் 6406ல தான் எடுக்கறோம், ஒருத்தனும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சப்ளையர் போட்ட கோடுதானே, நம்ம தப்பு என்ன இருக்கு?

ஹார்பர்_ரெங்கா

@சவுத்_டிரேடர் கேக்கலைன்னா சரின்னு அர்த்தம் இல்ல ஜி. 2011லேர்ந்து செல்ஃப் அசெஸ்மென்ட், கஸ்டம்ஸ் சட்டம் செக்‌ஷன் 17 படி கோடு சொல்றது இம்போர்ட்டர், ஏஜெண்ட் கையெழுத்து போட்டாலும் டிமாண்ட் (குறைஞ்ச டியூட்டிய கட்டச் சொல்ற நோட்டீஸ்) உங்க பேருக்குதான் வரும். ஆடிட்ல புடிச்சா செக்‌ஷன் 28ல ரெண்டு வருஷம் பின்னாடி வரைக்கும் கேக்கலாம், தெரிஞ்சே மறைச்சதா சொல்லிட்டா அஞ்சு வருஷம், வட்டியோட. சப்ளையர் கோடு அவங்க ஊர்ல எக்ஸ்போர்ட் ரீஃபண்ட் வாங்கறதுக்கு அவங்க போட்டது, நம்ம ஆபீசர அது கட்டுப்படுத்தாது. மொத ஆறு டிஜிட் உலகத்துக்கே பொதுதான், ஆனா அந்த ஆறே தப்பா இருந்தா என்ன பண்றது?

பெரியமேடு_கடை

ரொம்ப நன்றி அண்ணே. இன்னொண்ணு விட்டுட்டேன், அந்த ஜெல் இன்சோல் பாக்கெட்ல "ஆர்த்தோபெடிக்"னு பெருசா அச்சடிச்சிருக்கான். அத 9021ல (ஆர்த்தோபெடிக் சாதனங்களுக்கான கோடு) போட முடியுமா? ஏஜெண்டு அங்க டியூட்டி கம்மின்னு சொல்றாரு.

ஆம்பூர்_அப்பர்

அட்டைல அச்சடிச்சா ஆகாது தம்பி. சேப்டர் 90 நோட் 6-ல தெளிவா இருக்கு, கால் குறைய சரி பண்றதுக்கான ஸ்பெஷல் இன்சோலா இருக்கணும், அதுவும் ஒண்ணு அந்த ஆளுக்கு அளவெடுத்து செஞ்சிருக்கணும், இல்ல மொத்தமா செஞ்சதுன்னா ஜோடியா இல்லாம ஒத்தையா, எந்தக் காலுக்கும் பொருந்தற மாதிரி வரணும். உங்களோடது இடது வலதுன்னு ஜோடி பாக்கெட்டா இருக்கும், அங்கேயே கதை முடிஞ்சுது, 6406 90 தான். பேராசைப்பட்டு 9021 போட்டீங்கன்னா சரியா போட்ட மத்த லைனையும் சேத்து கெளறுவாங்க.

நாங்க எக்ஸ்போர்ட் ஷூ பண்றதால ஐலெட் பக்கிளுக்கு ஐஜிசிஆர்ல (குறைஞ்ச டியூட்டில இறக்குமதி பண்றதுக்கான விதி) சலுகை எடுக்கறோம், ஆனா அது ஏத்துமதி பண்றவங்களுக்கு, உள்ளூர்ல விக்கற உங்களுக்கு கிடைக்காது, யாராவது அத சொல்லி காசு கேட்டா நம்பாதீங்க.

ஹார்பர்_ரெங்கா

ஆம்பூர் அண்ணன் சொன்னது கரெக்ட். இப்ப செய்ய வேண்டியது, சப்ளையர்கிட்ட ஐட்டம்வாரியா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ரெண்டும் பிரிச்சு வாங்குங்க, ஒவ்வொண்ணுக்கும் என்ன மெட்டீரியல்னு ஒரு வரி, கேட்டலாக் போட்டோவும். பொம்மைய ரெகுலரா எடுக்கப் போறீங்கன்னா அட்வான்ஸ் ரூலிங்குக்கு (கோடு என்னன்னு முன்கூட்டியே கேட்டு வாங்கற முடிவு) எழுதலாம், மும்பைலயும் டெல்லிலயும் அத்தாரிட்டி இருக்கு, ஒரு தடவை எடுக்கற சரக்குக்கு அந்த அலைச்சல் வேணாம்.

பெரியமேடு_கடை

சப்ளையருக்கு மெசேஜ் போட்டாச்சு, நாளைக்கு புது இன்வாய்ஸ் அனுப்பறேங்கறான். அடுத்த லோட்ல ஷூ பாலிஷ், பிரஷ், மர ஷூ ட்ரீ கேட்டிருக்கேன், அதுங்களாவது 64ல வருமா?

ஹார்பர்_ரெங்கா

ஒண்ணு கூட வராது 😄 பாலிஷ் 3405 10, பிரஷ் 9603, மர ஷூ ட்ரீ 4417. பாலிஷும் பிரஷும் ஒரே டப்பால செட்டா வந்தா ரூல் 3(பி) (செட்டுல எது முக்கியமோ அதோட கோடுங்கற விதி) பாக்கணும், அப்ப டப்பா போட்டோ போட்டு தனி திரெட்டா கேளுங்க.