மலையாள எழுத்து அறுக்கையில ஸ்க்ரோல் சா பிளேடு ஒடிஞ்சுகிட்டே இருக்கு

செங்கோட்டை பலகைக்கடை:
அண்ணாச்சி எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பேர்ப்பலகை செய்யுறேன். மெலிசு பிளேடு மேலும் கீழுமா ஓடி வளைவு அறுக்குற ஸ்க்ரோல் சா மிஷின்லதான் எழுத்து அறுப்பேன். கேரளப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் ஆர்டர்தான் அதிகம். தமிழ் எழுத்துல அங்கங்க நேர்கோடு வரும், கை ஆறும். மலையாளத்துல முழுக்கச் சுழிதான். நேத்து ‘கிழக்கேதில்’னு ஒரு வீட்டுப் பேரு. அவங்க ‘க’வுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு. ஓட்டை போட்டு பிளேடைக் கோத்து, பாதி வளைவு திரும்பலை, ‘டக்’. ஒரே பலகைக்கு 7 பிளேடு போச்சு. முக்கால் இஞ்சு தேக்கு, 2ஆம் நம்பர், முனையில குறுக்குக் கம்பி (பின்) இல்லாத பிளேடு. பிளேடை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனைக் குறைச்சும் பார்த்தாச்சு.

கம்பம்:
முக்கால் இஞ்சு தேக்குக்கு 2 ரொம்ப மெலிசு. 5 போடுங்க.

களியக்காவிளை ஆசாரி:
தம்பி, ஒடிஞ்ச துண்டைப் பெருக்கித் தள்ளிட்டியளா? அதுலதான் விஷயம் இருக்கு. நடுவுல ஒடிஞ்சா பல்லு மழுங்கின பிளேடை வச்சுத் தள்ளியிருக்கீங்க. தேக்குல சிலிக்கா உண்டு, பல்லைச் சீக்கிரம் தின்னுரும். பிளேடு முனையைப் பிடிக்கிற கிளாம்ப்பை ஒட்டி ஒடிஞ்சா பிடியில கோளாறு.

டென்ஷனைக் குறைச்சதுதான் தப்பு. தளர்ந்த பிளேடு பலகை முட்டும்போது பின்னால வில்லா வளையும், நிமிரும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அப்படி வளைஞ்சா கம்பியே அறும், இது எம்மாத்திரம்? விரலால சுண்டுங்க, வீணைத் தந்தி மாதிரி தெளிவாக் கேக்கணும். பக்கவாட்டுல தள்ளினா 3 மில்லிமீட்டருக்கு மேல அசையக் கூடாது.

வளைவுல பலகையை முன்னால தள்ளாதீங்க. பிளேடு நின்ன இடத்துலயே ஓடட்டும், பலகையை மட்டும் அதைச் சுத்தித் திருப்புங்க. பிளேடோட முதுகு மரத்துல லேசா உரசுறது கைக்குத் தெரியும். புது பிளேடு மாட்டினதும் மிஷினை ஓட விட்டு, முதுகுல சாணைக்கல்லை மெல்ல வச்சு ரெண்டு மூலையையும் மழுக்கிருவேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம அதைச் செய்யாதீங்க.

எனக்கும் ஒரு மழைக்காலம் முழுக்க மேல் கிளாம்ப்புக்குக் கீழதான் ஒடிஞ்சது. கழட்டிப் பார்த்தா, பிளேடுல பூசி வர்ற எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பிசினா அப்பியிருக்கு. திருகோட நுனியிலயும் ஒரு குழி. பிளேடு சாய்ஞ்சே உட்கார்ந்திருக்கு. எமரித் தாளால தேய்ச்சு, பிளேடு முனையைத் துணியால துடைச்சு மாட்டினேன். அதோட நின்னுச்சு. அந்த மழையில ஒடிஞ்ச பிளேடை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

செங்கோட்டை பலகைக்கடை:
அண்ணாச்சி, தூள்குப்பையைக் கிளறி 5 துண்டு எடுத்தேன். நாலு மேல் கிளாம்ப்பை ஒட்டியே ஒடிஞ்சிருக்கு! கழட்டினா நீங்க சொன்ன அதே கருப்புப் பிசின். தேய்ச்சுட்டு, 5ஆம் நம்பர் மாட்டி, சுண்டிப் பார்த்து ஓட்டினேன். ‘க’வோட ரெண்டு கண்ணும் ஒரே பிளேடுல முடிஞ்சது. ஆனா வளைவுல மரம் கருகுது. பலாப்பலகையில இப்படி வந்ததில்லை.

களியக்காவிளை ஆசாரி:
வேகத்தைக் குறைங்க. பலகை மேல பேக்கிங் டேப் ஒட்டி, அது மேல வரைபடத்தை ஒட்டி அறுங்க. கருகல் நல்லாக் குறையும். ராத்திரி கடை அடைக்கும்போது டென்ஷனைத் தளர்த்திட்டுப் போங்க.